கழுத்துக்கு மேலே போலி

இந்தப் பொம்மையைப் பழுது பார்க்க மேசையில் வைத்தபோது இது போலியாக இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு இல்லை. முடியின் வேர்ப்பகுதி பிசுபிசுத்தது, ஒரு காது பச்சை பூத்திருந்தது, இடது முழங்கால் சரியாக மடியவில்லை. இந்த மூன்றையும் சரிசெய்ய ஒரு வார இறுதி போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். வேலை முடிய ஏழு வாரம் ஆயிற்று.

டோட்டலி ஹேர் பார்பி என்று சொல்லி விற்கப்பட்ட பொம்மை அது. 1992இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் வெளியிட்ட அந்தப் பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம், முடியின் நீளம் மட்டும் பத்தரை அங்குலம். உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்று, பார்பி வரிசையிலேயே மிக அதிகமாக விற்ற பொம்மை என்ற பெயரை வாங்கியது. இவ்வளவு பரவலாகக் கிடைத்த ஒன்றைப் போய் யார் போலி செய்வார்கள் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் அரிய பொம்மையைத் தேடி வருபவர் பெரும்பாலும் விவரம் தெரிந்தவராக இருப்பார். எல்லோருக்கும் பெயர் தெரிந்த பொம்மையை வாங்க வருபவர்தான் எதையும் புரட்டிப் பார்க்காமல் வாங்குவார். நான் புரட்டிப் பார்த்தேன், ஆனால் முதுகை மட்டும்.

இடுப்புக்குக் கீழே மேட்டலின் பெயரும் 1966 என்ற ஆண்டும் எழுத்துக் கூர்மை மங்காமல் புடைத்திருந்தன. இந்த ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்துத் தெரிந்தும் தெரியாமலும் நடக்கும் ஏமாற்று ஏராளம். அது அந்த உடலின் வடிவத்துக்கான பதிப்புரிமை ஆண்டே தவிர, பொம்மை செய்யப்பட்ட ஆண்டு அன்று. 1967இல் வந்த இடுப்பு திரும்பும் பார்பிக்காக உருவான அந்த உடலமைப்பு 1990கள் வரை பல மாதிரிகளில் தொடர்ந்து பயன்பட்டதால், 1992இன் பொம்மையிலும் 1966 என்றே இருக்கும். அந்த எண்ணைக் காட்டி ‘அறுபதுகளின் பொம்மை’ என்று விற்பவர்கள் உண்டு. எனக்கு இது தெரியும் என்பதாலேயே, முத்திரை சரியாக இருக்கிறது, ஆண்டும் பொருந்துகிறது என்று நிம்மதியாகப் பணம் கொடுத்துவிட்டேன்.

முதல் வேலை முடியை அலசுவது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு, நுனியிலிருந்து வேரை நோக்கி மெல்லச் சிக்கெடுத்தேன். நுனி சுத்தமாயிற்று, வேர் மட்டும் எத்தனை முறை அலசினாலும் காய்ந்த மறுநாளே பழையபடி ஒட்டியது. இது எண்ணெய்ப் பிசுக்கு அன்று. நட்ட முடி கழன்று வராமல் இருக்கச் சில பொம்மைகளின் தலைக்குள்ளே தொழிற்சாலையிலேயே பசை ஊற்றியிருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பசை இளகி, ஊசித் துளைகள் வழியே வெளியே கசியும். வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் உள்ளே இருப்பு இருக்கிறவரை அது வந்துகொண்டே இருக்கும். ஆகவே தலையைக் கழற்றியாக வேண்டும்.

வினைல் தலையைக் குளிர்ந்த நிலையில் பிடுங்கினால் கழுத்து முனையிலுள்ள குமிழ் உடையும், அல்லது தலையின் கழுத்துத் துளை கிழியும். கை பொறுக்கும் அளவைவிடச் சற்றே கூடுதல் சூடான நீரில் தலையை மட்டும் ஐந்து நிமிடம் அமிழ்த்தி, வினைல் இளகியதும் இரண்டு கன்னங்களையும் அழுத்திப் பிடித்து, முன்னும் பின்னும் சாய்த்தபடி மேலே தூக்க வேண்டும். வழக்கமாக இதற்குக் கொஞ்சம் போராட வேண்டியிருக்கும். இந்தத் தலை பாட்டில் மூடிபோல் எளிதாக வந்துவிட்டது. குமிழைச் சுற்றி யாரோ துணிப்பசை நாடாவை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்கள். தலையின் கழுத்துத் துளையோ வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கோணலாக, கத்தியால் சீவிய தடத்தோடு இருந்தது. சின்னத் துளையைப் பெரிதாக வெட்டி, அது அளவுக்கு மேல் பெரிதாகிவிட, ஆடாமல் இருக்க நாடாவைச் சுற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது. இந்த உடலுக்காக வார்க்கப்பட்ட தலைக்கு இதில் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

1992இன் அந்தப் பொம்மைக்குரிய முகம், 1977இல் வந்த சூப்பர்ஸ்டார் பார்பிக்காகச் செதுக்கப்பட்ட, பல் தெரியச் சிரிக்கும் முகம். அதன் கழுத்து விளிம்பின் உட்புறத்தில் 1976 என்ற ஆண்டு முத்திரை இருக்கும். என் கையில் இருந்த தலையில் அது இல்லை. ஆனால் விளிம்பைத்தான் கத்தியால் சீவியிருக்கிறார்களே. முத்திரை அந்தச் சீவலோடு போயிருக்கலாம். முத்திரை இருப்பதை நம்பி ஒருமுறை ஏமாந்தவன், இப்போது இல்லாததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் அதே தவறுதான் என்று தோன்றியதால், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அசலை எடுத்துக்கொண்டேன். என் அக்காவுக்குச் சிறுவயதில் புதிதாக வாங்கப்பட்டு, அன்றிலிருந்து வீட்டைவிட்டு வெளியே போகாத பொம்மை அது. அதே முகம், ஏறத்தாழ அதே காலம். போலியைக் கண்டறிய விரும்புகிறவருக்கு, எங்கிருந்து வந்தது என்று சந்தேகமின்றித் தெரிந்த ஒரு பொம்மை கையில் இருப்பதைப் போல வேறு எந்தக் கருவியும் உதவாது.

முடியிலிருந்து தொடங்கினேன். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, நீர்ப்பரப்பின் இழுவிசையை உடைக்க ஒரு துளி சோப்பு விட்டு, இரண்டு பொம்மைகளிலிருந்தும் பின்னந்தலையில் நான்கைந்து இழைகளை வெட்டிப் போட்டேன். அக்காவின் பொம்மை முடி நேராக அடியில் போய்ப் படுத்தது. மற்றது மிதந்தது, குச்சியால் அமுக்கி, ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகளை உதறிவிட்டபோதும் மேலே வந்தது. நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், பொம்மை முடியாகப் பயன்படும் இழைகளில் நைலானின் அடர்த்தி 1.14, சரான் 1.7ஐ ஒட்டி வரும். இரண்டும் நீரில் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் 0.9 அளவில் இருப்பதால் மிதக்கும். மலிவான நகல்களில் பெரிதும் காணப்படுவது இந்தக் கடைசி வகை. தொட்டால் மெழுகு தடவியதுபோல் இருக்கும், சீக்கிரம் பஞ்சாகப் பறக்கும், சுருட்டினால் நிற்காது. ஆனால் அண்மைக் காலத்து அசல் பொம்மைகள் சிலவற்றிலும் இதே இழைதான் வருகிறது. எனவே மிதப்பது எல்லாம் போலி என்று சொல்லிவிட முடியாது.

தலை அசலாக இருந்து, பிற்பாடு யாராவது மலிவு முடியை நட்டிருக்கலாமே என்று மனம் இன்னும் வாதாடியது. அதற்கு விடை தலைக்குள்ளேயே இருந்தது. மறுபடி முடி நட்ட தலையில் பழைய ஊசித் துளைகளும் புதியவையும் அருகருகே ஒழுங்கின்றித் தெரியும், துளைகள் விரிந்து கிழிந்தும் இருக்கும். இதில் ஒரே வரிசைத் துளைகள், இயந்திரம் தைத்த சீரான இடைவெளியோடு, மஞ்சள் பசையில் முழுவதும் மூழ்கி இருந்தன. அந்த முடி அந்தத் தலையோடு பிறந்த முடி. அக்காவின் பொம்மைத் தலைக்குள் பசையே இல்லை.

எனக்கிருந்த கடைசி ஐயத்தைத் தீர்த்தது வெர்னியர் காலிப்பர். ஒரு நிறுவனத்தின் மூல அச்சு திருடுபோனால் ஒழிய, போலி செய்பவர் கடையில் வாங்கிய பொம்மைத் தலையிலிருந்துதான் தம் அச்சை எடுக்க வேண்டும். வார்த்து எடுக்கும் வினைல் ஆறும்போது சற்றே சுருங்கும். அசல் தொழிற்சாலை அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்கிறது. ஏற்கெனவே சுருங்கிய தலையிலிருந்து எடுத்த அச்சில் வார்த்தால் நகல் இரண்டாம் முறையும் சுருங்கும். இரண்டு கண்களின் வெளி ஓரங்களுக்கு இடையே மும்மூன்று முறை அளந்தேன்: அசலில் 20.6 மில்லிமீட்டர், இதில் 19.9. தாடையிலிருந்து நெற்றி முடி வரிசை வரையிலும் ஏறக்குறைய இதே விகிதத்தில் குறைவு. கழுத்துத் துளை ஏன் சிறியதாக இருந்தது, அதை ஏன் வெட்டினார்கள் என்பதும் இதோடு விளங்கிவிட்டது. இரண்டு தலைகளையும் பக்கத்தில் வைத்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இன்னொன்றும் தெரிகிறது: அசலில் மேலுதட்டின் நடுக்குழி ஒரு தெளிவான நிழலோடு இருக்கிறது, நகலில் அந்த இடம் தேய்ந்த சோப்பைப் போல வழுவழுவென்று ஓடிவிடுகிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகு லென்ஸ் வைத்து முகப்பூச்சைப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம்தான். கருவிழியின் நீலமும் அதன் மேலுள்ள வெள்ளைப் புள்ளியும் ஒரு மயிரிழை விலகி அச்சாகியிருந்தன. கீழுதட்டின் சிவப்பு, உதட்டின் வரம்பைத் தாண்டித் தாடைப் பக்கம் இறங்கியிருந்தது. தலையின் நிறமும் உடலின் நிறமும் ஒத்துப்போகவில்லை, தலையில் காரமான பிளாஸ்டிக் நெடியும் இருந்தது. ஆனால் இந்த இரண்டையும் நான் சான்றில் சேர்க்கவில்லை. உடற்பகுதி கெட்டி பிளாஸ்டிக், தலையும் கைகால்களும் மெது வினைல் என்பதால் அசல் பொம்மையிலும் அவை வெவ்வேறு விதமாக நிறம் மாறுவதுண்டு. நெடியின் கதையும் அப்படியே. வினைலை மெதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் சிலவற்றை விளையாட்டுப் பொருள்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற நிரந்தரச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் இயற்றியது 2005இல், அமெரிக்கா இயற்றியது 2008இல். 1992இன் அசல் அதற்கும் முந்தையது. ஆகவே பழைய வினைல் எதுவானாலும் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வதும், வெந்நீர் வைக்கும்போது சன்னலைத் திறந்து வைப்பதும் நல்லது.

விற்றவருக்கு அளவுகளையும் படங்களையும் அனுப்பினேன். தாமும் ஒரு பெட்டி நிறையப் பழைய பொம்மைகளாக மொத்தமாக வாங்கியதாகவும், முதுகு முத்திரையைப் பார்த்து நம்பியதாகவும் சொல்லிப் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார். அவரை நான் நம்புகிறேன். நானும் அதே முத்திரையைத்தானே பார்த்தேன். முழுப் போலியைவிட இந்தப் பாதிப் போலி அதிகமாக ஏமாற்றுகிறது, ஏனெனில் பார்க்கிறவர் எந்த இடத்தைப் பார்ப்பார் என்பது அதைப் பொருத்தியவருக்குத் தெரிந்திருக்கிறது. பிரிக்காத பெட்டியோடு வரும் சேகரிப்புப் பொம்மைகளில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். பெட்டியைத் திறந்தால் மதிப்புப் போய்விடும் என்பதால் உள்ளே இருப்பதை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, ஒரு நகல் பல கைகள் மாறியும் பாதுகாப்பாக இருக்கிறது.

நகல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்பியின் தோற்றமே 1955இல் ஜெர்மனியில் வந்த பில்ட் லில்லி என்ற பொம்மையைப் பின்பற்றியது. 1959இல் பார்பி வெளிவந்த பிறகு அதன் மேல் வழக்கு நடந்து 1963இல் சமரசமாக முடிந்தது, 1964இல் மேட்டல் லில்லியின் உரிமைகளையே விலைக்கு வாங்கிவிட்டது. பார்பி விற்கத் தொடங்கியதும் அவளைப் போலவே இருக்கும், ஆனால் வேறு பெயரில் விற்ற பொம்மைகள் அறுபதுகளில் வரிசையாக வந்தன. அவற்றை அவற்றின் பெயரிலேயே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் இரண்டு பிடிக்கும். இன்னொருத்தியின் பெயரைச் சொல்லி விற்றால்தான் அது போலி.

இங்கேதான் என் வேலை சிக்கலாயிற்று. இந்தத் தலைக்கு நல்ல முடியை நட்டு, காதை வெளுத்து, கழுத்தைச் சரியாகப் பொருத்திவிட்டால், வந்ததைவிடத் தேர்ந்த ஒரு போலியை நானே செய்தவன் ஆவேன். மிதக்கும் முடி, நாடா, ஆடும் தலை என்று எனக்குத் துப்புக் கொடுத்தவை ஒவ்வொன்றையும் நான்தான் அழிக்கப் போகிறேன். பொம்மை என்னிடமே இருக்கும் என்று சொல்லலாம். ஆனால் எல்லாச் சேகரிப்பும் ஒருநாள் இன்னொருவர் கைக்குப் போவதுதான். எனவே முடி நடுவதற்கு முன்பே அடையாளம் இட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

மையால் எழுதக் கூடாது என்பது பழைய பாடம். வினைல் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். இன்று கூர்மையாக இருக்கும் எழுத்து சில ஆண்டுகளில் நீலக் கறையாகப் பரவி, எந்த எழுத்து என்றே தெரியாமல் போகும். தையல் ஊசியை இடுக்கியில் பிடித்து மெழுகுவத்திச் சுடரில் காட்டி, கரியைத் துடைத்துவிட்டு, தலையின் உட்சுவரில் ‘நகல்’ என்று சுட்டு எழுதினேன். ஊசி சிவக்கும்வரை சூடேற்றினால் வினைல் உருகி நூல் இழுக்கிறது. சுடரில் இரண்டு நொடி போதும். ந-வின் வளைவு பிசகிவிட்டது, மற்ற இரண்டும் நன்றாக வந்தன. எழுதி முடித்து ஒருநாள் கழித்துத்தான் என் முட்டாள்தனம் உறைத்தது: தலையைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கிய நானே, தலையைக் கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில் எச்சரிக்கையை எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே பின்கழுத்தில், முடி வரிசைக்குக் கீழே, முடியைத் தூக்கினால் விரல் தட்டுப்படும் இடத்தில் இரண்டாம் முறை எழுதினேன். உடலின் மேல் எதுவும் எழுதவில்லை, அது அசல்.

பிறகு பசை. முடியை ஒட்ட வெட்டிவிட்டு, நீண்ட மூக்கு இடுக்கியைக் கழுத்துத் துளை வழியே விட்டு, பசைத் தகட்டை ஓரத்திலிருந்து உரித்தேன். ஒரே தகடாக வந்தால் அதிர்ஷ்டம். எனக்குப் பொட்டுப் பொட்டாகத்தான் வந்தது, மூன்று மாலைகள் போயின. கடைசியில் ஒட்டியிருந்த மெல்லிய படலத்தின் மேல் சோளமாவைத் தூவிக் குலுக்கி, அது பசையோடு உருண்டு திரண்டதும் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து எடுத்தேன். அசிட்டோன் வைத்தால் சீக்கிரம் முடியும் என்ற ஆசை வந்தது. ஆனால் துளை வழியே ஒரு சொட்டு நெற்றிக்கு வந்தாலும் புருவம் கரைந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

புதிய முடிக்குச் சரான் இழையைத் தேர்ந்தெடுத்தேன். ஊசியின் காதை மேற்புறம் வெட்டி இரண்டு பல்லாக்கி, அதில் இருபது இழைகளை மடித்து வைத்து, வெளியிலிருந்து துளைக்குள் குத்தித் தள்ளும் முறைதான் எனக்குக் கைவந்தது. நீளம் பத்தரை அங்குலம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு கத்தையும் ஒரு முழத்துக்கு மேல் எடுத்து மடிக்க வேண்டியிருந்தது. அது மேசையில் இருக்கும் எல்லாவற்றோடும் சிக்கிக்கொள்ளும். நட்ட பகுதியை ஈரத்துணியில் சுருட்டிக் கட்டி வைத்தபடி வேலை செய்வதுதான் இதற்கு வழி என்று நூறு துளை தாண்டிய பிறகுதான் கண்டுகொண்டேன். முன்நெற்றி வரிசையில் கத்தையைச் சற்று மெலிதாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துடைப்பம் நட்டதுபோல் நிமிர்ந்து நிற்கும். எல்லாம் முடிந்ததும் உள்ளே மிக மெல்லிய பூச்சாகத் துணிப்பசை தடவிக் காயவிட்டேன். ஒரு சீப்பை அழுத்தி வாரியதில் மூன்று இழை மட்டும் கழன்றது.

நேராகத் தொங்கும் முடிக்கு நெருக்கமான சிறு மடிப்பலைகள் வேண்டும் என்பதால், எட்டுப் பின்னல்களாகப் பிரித்துப் பின்னி, நுனியை நூலால் கட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய நீரில் பதினைந்து விநாடி அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டேன். சரான் இதற்கு நன்றாக இணங்கும். கனேகலான் என்ற இன்னொரு செயற்கை இழை முடிக்கு இதே வேலையைச் செய்தால் சுருண்டு பாழாகும், அதற்கு வெதுவெதுப்பான நீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பச்சைக் காது செம்பு கலந்த தோட்டின் வேலை. அதைப் பழமைக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் இந்தத் தலையைப் பார்க்க வேண்டும். தோட்டை எடுத்துவிட்டு, பத்து விழுக்காடு பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் காதில் மட்டும் அப்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, முகத்துக்கும் முடிக்கும் துணி சுற்றி, ஐந்து நாள் வெயிலில் வைத்தேன். நாள்தோறும் மாலையில் கழுவிப் பார்ப்பது அவசியம்; விட்டுவிட்டால் கறையைத் தாண்டி வினைலின் நிறத்தையே வெளுத்துவிடும். கறை முக்கால்வாசி போயிற்று, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தலையைத் திரும்பப் பொருத்தும்போது நாடாவுக்குப் பதிலாக, வெட்டுப்பட்ட விளிம்பின் உள்ளே பழைய பொம்மைக் காலிலிருந்து அறுத்த ஒரு வினைல் வளையத்தை வைத்தேன். இப்போது தலை ஆடவில்லை. முடி பாதம்வரை அலையலையாக விழுகிறது. இடது முழங்கால் மட்டும் அப்படியே இருக்கிறது. வலது கால் மடக்கும்போது படிப்படியாக டக் டக் என்று நிற்கிறது, இடது கால் ஒருமுறை சத்தம் போட்டுவிட்டு வழுக்கி நேராகிவிடுகிறது. உள்ளே இருக்கும் எலும்புச் சட்டகத்தைப் பார்க்க வேண்டுமானால் காலின் வினைலைக் கீறித்தான் ஆக வேண்டும். அசலாக மிஞ்சியிருப்பது அந்த உடல் ஒன்றுதான் என்பதால் கத்தியை எடுக்கவில்லை. அலமாரியில் உட்கார வைக்காமல் நிற்கத்தான் வைத்திருக்கிறேன்.